கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்?

1

இந்தக் கதை கலை ஆர்வத்தில் பிறந்ததல்ல, வெட்கத்தில் பிறந்தது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாகப் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாளிதழ் ஒன்றில் வாரம் ஒரு பத்தி எழுதிப் பிழைப்பவன் நான். நமது தேசிய ரக்பி அணி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முக்கியமான ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றதல்லவா, அன்று மாலை உட்கார்ந்த கையோடு ஒரு பத்தி எழுதினேன். தலைப்பு: ‘பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நாட்டைத் தோற்கடிப்பது எப்படி?’ நெருக்கடியான நேரத்தில் அணியின் தூணையே வெளியே உட்காரவைத்த மருத்துவரைக் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

அந்த மருத்துவர் என் கூடப்பிறந்த அக்கா.

‘அது அவள் என்று எனக்குத் தெரியாமல்’ என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்திவிட்டேன். தெரியும். பெயர் போடவில்லையே, பாசத்துக்குப் பங்கம் வராது என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே கத்தரித்த என் பத்தி. மூன்று ஒற்றுப்பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. ‘மூளைக் கோளாறு’ என்று நான் எழுதிய வரியின் ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: “மூளைக் கோளாறு இல்லை, மூளை அதிர்ச்சி. முன்னது உனக்கு.”

2

நேரில் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லாமல் கேட்டாள்:

“மன்னிப்புக் கேக்க வந்தியா, கதை கேக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான்கா.”

“முதல்ல எது?”

என் கை அதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டிருந்தது. அவள் பார்த்தாள். அத்தான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “சரி விடு, எழுத்தாளன்னா அப்படித்தான்” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்றைக்கே எழுதிய தொடக்கம் இது: ‘பச்சைப் புல்லில் சிந்திய வியர்வைத் துளிகள் ஒவ்வொன்றும் இந்தத் தேசத்தின்’

(அக்கா இதற்கு மேல் படிக்கவில்லை. “அதுல பாதி வியர்வை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி விமானத்துல வந்து இறங்குச்சுடா” என்றாள்.)

உண்மைதான். சர்வதேச ரக்பியில் ஒரு விதி உண்டு. ஒரு நாட்டில் ஐந்து வருடம் குடியிருந்தால் அந்த நாட்டுக்காக எலும்பை உடைத்துக்கொள்ளலாம். நம் அணியில் அப்படி நாட்டுப்பற்று முதிர்ந்தவர்கள் ஏழு பேர். ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதத்தின் வரிகள் பெரிய திரையில் ஓடும். கண்கலங்கப் பாடுகிறார்கள் என்று வர்ணனையாளர் உருகுவார். அவர்கள் கண்ணைச் சுருக்கி வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ரக்பி தெரியாதவர்களுக்கு*: பதினைந்து பேர் கொண்ட அணி. எல்லோரும் முன்னால் ஓடவேண்டும், பந்தைக் கையால் பின்னால்தான் எறியவேண்டும். அலுவலகத்தில் கோப்பு நகர்த்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும்.

* இந்தக் குறிப்பு எனக்கும் சேர்த்துத்தான். பத்தி எழுதும்போது எனக்கு விதிகள் தெரியாது.

3

அணியின் தூண் என்றேனே, அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று இருபத்தைந்து கிலோ. ‘ஸ்க்ரம்’ என்று ஒன்று உண்டு: இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைக் கவிழ்த்துக்கொண்டு முட்டித் தள்ளவேண்டும். அதில் முதல் வரிசையில் நிற்பவர் பீரோ. மாமரத்தை நட்டதுபோல் நிற்பார். மற்றவர்கள் ஓடிப் புள்ளி எடுப்பார்கள், படம் பத்திரிகையில் வரும். அந்த ஆட்டத்துக்கு முன்புவரை ஐம்பத்தெட்டு சர்வதேச ஆட்டங்களில் இவர் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை.

முதல் வரைவில் அவரை முரடராக எழுதினேன். ஒட்டவில்லை. பிறகு பெரிய உடம்புக்குள் குழந்தை மனசு என்று மாற்றினேன். அது அதைவிடக் கேவலமாக இருந்தது.

“பகல்ல அவன் என்ன வேலை பாக்கறான்னு தெரியுமா உனக்கு?” என்றாள் அக்கா.

“மூட்டை தூக்குவாரோ?”

“ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்புக்கு.”

ஆகவே பீரோ கணக்கு வாத்தியார். இதை நான் கற்பனை செய்திருந்தால் நம்பும்படியாக ஏதாவது வேலை கொடுத்திருப்பேன்.

4

அறுபத்தோராவது நிமிடம். எதிரணி பதினேழு, நாம் பதினான்கு. அவர்கள் கோட்டுக்கு ஓரடி தூரத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு பீரோ நிமிர்ந்தார். இரண்டு பேர் முதுகில் தொற்றிக்கொண்டார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தார். இதைத்தான் ‘ட்ரை’ என்கிறார்கள். ஐந்து புள்ளி. அதைத் தொடர்ந்த உதை கம்பத்துக்கு வெளியே போய்விட்டது, ஆனாலும் பத்தொன்பதுக்குப் பதினேழு என்று முந்திவிட்டோம்.

(இங்கே முக்கால் பக்கத்துக்கு உவமைகள் இருந்தன. மலை, ரயில் இன்ஜின், யானை. முதல் இரண்டை நானே எடுத்தேன். யானையை அக்கா எடுத்தாள்.)

பீரோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அரங்கமே எழுந்து நின்றது. வீட்டில் நான் சோபாமேல் ஏறி நின்றேன்.

அறுபத்து நான்காவது நிமிடம். ஓடிவந்த ஒருவனைத் தடுக்கக் குனிந்தார். அவன் முழங்கால் இவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. டிவியில் சத்தம் வரவில்லை. கோட்டோரம் நின்றிருந்த அக்காவுக்குக் கேட்டது.

“சத்தம் எது மாதிரி இருந்துச்சுக்கா?” என்றேன். உவமை கிடைக்குமே என்றுதான்.

அவள் என் நோட்டை வாங்கி மூடிவைத்தாள்.

பீரோ எழுந்தார். நேராக நடந்துபோய் எதிரணியின் வரிசையில் நின்றுகொண்டார். “எதிரிகளின் கூடாரத்துக்கே போய் முறைக்கிறார், என்ன துணிச்சல்!” என்றார் வர்ணனையாளர். அந்த வரியை நான் பத்தியில் அப்படியே பயன்படுத்தியிருந்தேன்.

5

தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை உள்ளே அழைத்துப்போய்ப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சோதிக்கவேண்டும். தேறினால் திரும்பலாம். தேறாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், அவருக்குப் பதில் இறங்கிய உதிரி ஆட்டக்காரரே தொடர்வார்.

நடைவழியின் கோடியில் ஜன்னலில்லாத அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் அடுக்கிய தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகள். மேலே ஆயிரக்கணக்கானவர்கள் காலைத் தட்டுவது கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டாள்:

“இது எந்த மைதானம்?”

சரியாகச் சொன்னார்.

“இப்ப எந்தப் பாதி நடக்குது?”

“ரெண்டாவது.”

“போன வாரம் யார்கூட ஆடினோம்?”

அதையும் சரியாகச் சொன்னார்.

“ஜெயிச்சோமா?”

“தோத்துட்டோம் டாக்டர்.”

ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் இடது மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அங்கே கடிகாரம் இல்லை. வெள்ளை ஒட்டுப்பட்டைதான் சுற்றியிருந்தது.

“கடைசியா புள்ளி எடுத்தது யாரு?”

மணிக்கட்டைப் பார்த்தார். கையைத் திருப்பியும் பார்த்தார். இரண்டாம் பாதி தொடங்குமுன் எழுதிவைக்க முடியாத பதில் அது ஒன்றுதான்.

“யாரோ ட்ரை போட்டாங்க, இல்ல? சத்தம் கேட்ட மாதிரி இருக்கு.”

“ஆமா. யாரு போட்டது?”

“தெரியல டாக்டர். நல்லாப் போட்டானா?”

“ரொம்ப நல்லாப் போட்டான்.”

“கொடுத்துவெச்ச பய” என்றார் பீரோ.

‘அக்காவின் கண்கள் குளமாயின. தொண்டையில் ஏதோ’ (“நான் எங்கடா அழுதேன்? கத்தரிக்கோல் எடுத்துப் பட்டையை வெட்டினேன். பாரு, எழுதறப்போ பொய்தான் உனக்கு முதல்ல வருது.”)

பட்டையில், உள்ளங்கைப் பக்கமாக, நான்கு பதில்கள் வரிசையாக இருந்தன. பயிற்சியாளரின் கையெழுத்து. அக்கா அதை மடித்துச் சட்டைப்பையில் போடும்போது பயிற்சியாளரே கதவைத் தட்டினார்.

“டாக்டர், இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அனுப்பிடுங்க.”

“அவருக்கு இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுபோச்சு.”

“வெளையாடாதீங்க டாக்டர். ரெண்டே புள்ளி வித்தியாசம்!”

“கதவைச் சாத்திட்டுப் போங்க.”

எண்பது நிமிட ஆட்டத்தில் எழுபத்தொன்பதாவது நிமிடம் ஒரு ஸ்க்ரம். பீரோவுக்குப் பதில் நின்றவரின் முழங்கால் மடங்கி, வரிசை சரிந்தது. நடுவர் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். மூன்று புள்ளி. பத்தொன்பதுக்கு இருபது.

சோபாவிலிருந்து இறங்கி நான் மேசைக்குப் போனேன்.

6

முந்திய நாள்வரை அந்தப் பந்து உருண்டையா நீளமா என்றே தெரியாத நாடு, ஒரே மாலையில் வீட்டுக்கொரு நரம்பியல் நிபுணரை உற்பத்தி செய்தது. தொலைக்காட்சியில் நால்வர் விவாதித்தார்கள். ஒருவர் முன்னாள் கிரிக்கெட் வீரர், ஒருவர் ஜோதிடர். ஜோதிடர்தான் கொஞ்சம் நிதானமாகப் பேசினார்.

சங்கத் தலைவர் அக்காவை அழைத்தார். அவர் ரக்பி ஆடியவரில்லை. இதற்குமுன் நீச்சல் சங்கத்தின் தலைவர், அதிலும் தண்ணீரில் இறங்கியவரில்லை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கனிவாகப் பேசினார்.

“உங்கமேல யாருக்கும் கோவம் இல்லம்மா. ஒரே ஒரு கடிதம் குடுத்துடுங்க. தோள்ல அடி, அதனால உட்காரவெச்சோம்னு.”

“அடி தலையில சார்.”

“தோள் தலைக்குப் பக்கத்துலதானேம்மா இருக்கு?”

(இந்த வரி என்னுடையதல்ல. எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.)

“அப்புறம் அந்த ஒட்டுப்பட்டை. அது சங்கத்தோட பொருள், இல்லையா?”

“சர்வதேச வாரியத்துக்குப் பதிவுத் தபால்ல போட்டுட்டேன் சார். காலையிலேயே.”

தலைவர் அதற்குப் பிறகு ‘அம்மா’ போடவில்லை.

வாரியம் விசாரித்தது. பயிற்சியாளருக்கு இரண்டு ஆட்டங்கள் தடை. அக்காவின் பணிக்காலம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை, நன்றிக் கடிதம் மட்டும் வந்தது. அதில் ஒற்றுப்பிழை எதுவும் இல்லை என்றாள். புதிதாக வந்த அணி மருத்துவர் தோல் நிபுணர். தலைக்கு மேலேயும் தோல்தானே.

என் பத்திரிகை ஆசிரியரிடம் திருத்தம் வெளியிடக் கேட்டேன். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே இரண்டு வரி கொடுத்தார்.

7

முடிவுக்கு வருவோம். வரும் சனிக்கிழமை மறுவாய்ப்புச் சுற்று. ஜெயித்தால் உலகக் கோப்பை. அணியில் பீரோவின் பெயர் இருக்கிறது. தோல் நிபுணர் தகுதிச் சான்று கொடுத்துவிட்டார்.

மூன்று முடிவுகள் எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

முதல் முடிவில் பீரோ கடைசி நிமிடத்தில் ட்ரை போடுகிறார், இந்தமுறை மறக்கவில்லை. “பனியன் விளம்பரம் மாதிரி இருக்கு.”

இரண்டாவதில் பூட்ஸைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு விலகுகிறார். “அது நீயும் நானும் ஆசைப்படறது.”

மூன்றாவதில் ஸ்க்ரம் சரிகிறது. எல்லோரும் எழுகிறார்கள். அவர்

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள். “அவன் உயிரோட இருக்கான்டா. உன் கதை முடியணும்னு அவனைச் சாகடிப்பியா?”

நேற்று, புதன்கிழமை மதியம், பீரோவின் மனைவி அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டார். அக்கா சொன்னால் பீரோ கேட்பாரோ என்று ஒரு நம்பிக்கை. நானும் தொற்றிக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி. சாப்பாட்டு மேசை முழுக்கப் பரீட்சைத் தாள்கள். பீரோ உள்ளே சட்டை மாற்றப் போன நேரத்தில் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“இவர் கூட்டின மார்க்கை நான் திருப்பிக் கூட்டிப் பாக்கறேன் டாக்டர். பத்துத் தாள்ல மூணு தப்பா இருக்கு. நான் பாக்கறது அவருக்குத் தெரியாது. அப்புறம் அந்த ட்ரையைத் தினமும் போன்ல போட்டுப் பாக்கறார். வேற யாரோ ஆடினதைப் பாக்கற மாதிரி பாக்கறார்.”

பீரோ வந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. அக்கா எதுவும் தொடங்குவதற்கு முன்னால் அவரே கேட்டார்.

“சனிக்கிழமை ஆடினா இன்னொண்ணு போடலாம் இல்லையா டாக்டர்? அதையாவது ஞாபகம் வெச்சுக்கலாம்.”

“போடலாம்பா. ஞாபகம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்ப இருக்கற ஞாபகமெல்லாம் அப்புறமும் இருக்கும்னும் சொல்ல முடியாது.”

மனைவி மேசைத் தாள்களை நேராக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பீரோ தலையாட்டினார். கேட்டுக்கொண்டதற்கான தலையாட்டல், ஒப்புக்கொண்டதற்கானதல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க என்னைப் பத்திக் கதை எழுதறதா டாக்டர் சொன்னாங்க. அதுல சனிக்கிழமை நான் என்ன பண்றேன்?”

“இன்னும் எழுதலை” என்றேன். மூன்றும் பைக்குள் இருந்தன.

“எழுதாதீங்க சார். நீங்க எழுதி, அது என் கண்ணுல பட்டா, அப்படியே செஞ்சுடுவேன். குனின்னா குனிஞ்சு, தள்ளுன்னா தள்ளி, பதினஞ்சு வருஷமா அதே பழக்கம். பட்டையைச் சுத்திவிட்டப்போகூடக் கையை நீட்டிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். இது ஒண்ணை நானே யோசிச்சுப் பாக்கறேனே.”

சொல்லிவிட்டு ஒரு விடைத்தாளை இழுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, முதல் கணக்கிலிருந்து திருத்த ஆரம்பித்தார். மிக மெதுவாக. நாங்கள் கிளம்பினோம்.

இன்று வியாழன். முடிவு என்னிடம் இல்லை. உங்களால் சும்மா இருக்க முடியாது என்றால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.