இளங்கோவனின் வலது கை

ஒக்கலிபுரம் இளங்கோவனின் வலது கைக்கு ஆயிரத்து இருநூறு வயது. மற்ற உறுப்புகளுக்கு முப்பத்தாறு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பார்த்த இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, பழைய இலத்தீன் சுவடித் துண்டுகளின் கையெழுத்தை ஆராயப் போனதன் பலன் அது. துண்டுகள் ஐரோப்பாவில் இருந்தன. இவன் கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். எழுதியவன் இறகை எங்கே அழுத்தினான், எங்கே தூக்கினான் என்று பிடிபடுவதற்காக ஒவ்வோர் எழுத்தையும் நூறு தடவை எழுதிப் பழகினான். மூன்றாம் வருடம் கை பழசாகிவிட்டது. அது காலையில் எழுதியது மதியம் பழுப்பாகி, மாலைக்குள் பூச்சி அரித்து ஓட்டையானது. மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு மட்டும் மிஞ்சியதால் ஒரு வாரம் முழுக்கச் சாம்பார்.

ஆறு வருடமாக ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்று குடும்பத்தை ஓட்டிய மனைவி மகாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவனுடைய டாக்டர் பட்டம். அது கிடைக்கப்போகிற வாரத்தில் இளங்கோவன் தன் தவறைக் கண்டுபிடித்தான். அவன் எழுதிப் பழகிய தாள் ஒன்றின் படம் அசல் படங்களோடு கலந்திருந்தது. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்: கி.பி. 810, எழுதியவன் ஒரு சோம்பேறித் துறவி, நாலு வரிக்கு மேல் கவனம் நிற்காதவன், திறமைக்கு மீறிய ஆசைக்காரன். தன்னைப் பற்றி அவன் எழுதியவற்றில் பிழையில்லாதது அது ஒன்றே. தேர்வாளர்கள் அதைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

“வாய மூடிக்கினு பட்டத்த வாங்குய்யா. அந்தச் சாமியாரு வந்து கேஸ் போடப் போறாரா?” என்றாள் மகா.

“அந்தச் சாமியாரே நான்தான்டி.”

“அப்ப ரொம்ப வசதி.”

அவனுக்கு மனம் கேட்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, நெறியாளர் ஸ்ரீரஞ்சனியிடம் கொடுத்தான். மறுநாள் அவர் உறையைப் பிரித்தபோது தாள் ஓட்டையாகாமல், அந்தக் காலச் சுவடிகளைப் போலக் கன்றுத்தோலாகியிருந்தது. ஆய்வகம் சோதித்து அதற்கும் 810 என்றே தேதி போட்டது.

“இளங்கோவன், நம்ம பெஸ்ட் எவிடென்ஸே இப்ப இந்த லெட்டர்தான்,” என்றார் அவர்.

“அது தமிழ்ல இருக்கே மேடம்?”

“அத அடுத்த பேப்பருக்கு வச்சுக்கலாம்.”

பட்டம் கிடைத்தது. ஒரே நிபந்தனை: வலது கை இனி பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குச் சொந்தம். பகல் முழுக்க அது இருபது டிகிரி குளிரில், பஞ்சு மெத்தைமேல் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் பேனாவை வாசலில் வைத்துவிட்டுப் பென்சிலோடு வர வேண்டும். மீதி உடம்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள அனுமதி உண்டு. மாலை ஐந்தரைக்கு மகா வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். டாக்டர் இளங்கோவனும் கூடவே போகிறார்.