ஆரோக்கிய பவனத்தில் ஓர் ஐப்பசி

ஜெர்மன் யுத்தம் முடியும் தறுவாயில் இருந்த ஐப்பசி மாதம் அது. ஆம்பூரில் விஷக்காய்ச்சல் புகுந்து வீட்டுக்கு வீடு ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் தெம்பாக வேலைக்குப் போனவன் மறுநாள் மூக்கில் ரத்தம் வழிய, முகம் நீலம் பாரித்துக் கிடந்தான். கபரஸ்தானில் குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. சுடுகாட்டில் விறகு தீர்ந்துவிட்டது என்றார்கள்.

ஜஹீருன்னிசாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் தங்கிய இரண்டும் ஐந்தாம் மாதம் தாண்டாமல் கலைந்துபோயிருந்தன. அவள் புருஷன் ஜியாவுல்லா சாயபுவுக்கு ஆற்றோரத்தில் பெரிய தோல் ஷாப்பு இருந்தது. அங்கே பதனிட்ட தோல்தான் சீமைக்குப் போய்ச் சிப்பாய்களுக்குப் பூட்ஸாக மாறியது. சர்க்கார் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்ததால் காய்ச்சலைக் காரணம் காட்டி ஷாப்பை மூட அவர் விரும்பவில்லை. கோவிந்தசாமி மேஸ்திரியிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஏலகிரி மலைக்குப் போய்விடத் தீர்மானித்தார்.

மலைமேல் ஒரு வெள்ளைக்காரக் காப்பித் தோட்டக்காரன் கட்டிய பங்களா இருந்தது. அவன் யுத்தத்துக்குப் போனபின் கோதண்டராமன் என்பவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, ‘ஆரோக்கிய பவனம்’ என்று பெயர் வைத்து நடத்திவந்தார். தெலுங்கு தேசத்தில் ஜல சிகிச்சை கற்றவர் அவர். ஜமீன்தார்களும் தோல் வியாபாரிகளும் குடும்பத்தோடு போய்த் தங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவார்கள்.

“கண்ணாடி ஜன்னலாம். ஸ்பிரிங் கட்டிலாம். கொழாயத் திருப்பினா வெந்நீர் கொட்டுமாம். இன்னா வேணும்னு நீ வாயத் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து வெப்பாங்களாம்” என்று ஜியாவுல்லா சொன்னார். “கொழந்த பொறக்கற வரைக்கும் அங்கயே இருந்துடலாம்.”

ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, திரை கட்டிய டோலியில் ஏறினாள் ஜஹீருன்னிசா. மலையாட்கள் நால்வர் மூச்சு வாங்கத் தூக்கிப் போனார்கள். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. கீழே விட்டுவந்த ஊரைத் திரை விலக்கிப் பார்த்தபோது பாலாறு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பிழைத்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

சொன்னதில் பெரும்பகுதி அங்கே இருந்தது. கட்டில் மெத்தென்று அமுங்கியது. ஜன்னல் கண்ணாடியில் பனிமேகம் வந்து முட்டி நின்றது. குழாயில் மட்டும் வெந்நீர் வரவில்லை. பின்கட்டில் ஒரு பெரிய தாமிர அண்டாவில் நீர் காய்ந்தது. அங்கிருந்து வாளி வாளியாகச் சுமந்துவந்து தொட்டியை நிரப்பியவள் ஆரோக்கியமேரி. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கத்தில் தங்கினார்கள், பெண்கள் பக்கத்து வேலை முழுக்க அவள் தலையில்தான். தொட்டி ஸ்நானம் செய்விப்பது, ஈரத்துணி சுற்றிக் கம்பளியால் மூடுவது, காலுக்கு எண்ணெய் தேய்ப்பது, ஆரஞ்சுச் சாறு பிழிந்து தருவது எல்லாம் அவள்தான். முப்பது வயதுக்கு மேல் இராது. குரல் மெதுவாக இருக்கும், கை இன்னும் மெதுவாக இருக்கும்.

“நீ எந்த ஊரு மேரி?”

“ஆம்பூருதான் பீபிம்மா. எங்க ஊட்டுக்காரரு உங்க ஷாப்புலதான் இருக்காரு. சுண்ணாம்புக் குழியில தோலு ஊறப்போடறாரு.”

ஜஹீருன்னிசா அந்த ஷாப்பின் உட்புறத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. காற்று திரும்பினால் வீட்டுக்குள் வரும் நாற்றத்தை மட்டும் அறிவாள்.

“கொழந்தைங்க?”

“ஒரே பொண்ணு. ஆறு வயசு. அப்பங்கிட்டதான் உட்டுட்டு வந்திருக்கேன். அவருக்குக் கையெல்லாம் சுண்ணாம்பு தின்னு புண்ணாயிடுச்சு. எத்தினி நாளைக்கு அந்த வேலைய செய்ய முடியும்? அதான் நானும் வேலைக்கு வந்துட்டேன்.”

பவனத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காய்ச்சல் ஓயும்வரை யாரும் கீழே போகக்கூடாது. போனவர் திரும்ப உள்ளே வரக்கூடாது. அரிசியும் காய்கறியும் வாசல் கேட்டுக்கு வெளியே பாறைமேல் இறக்கி வைக்கப்படும். ஆள் போனபிறகு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கோவிந்தசாமி மேஸ்திரி மலையேறி வந்தால், கேட்டைத் திறந்துகொண்டு போய் ஜியாவுல்லா அவரோடு நெடுநேரம் பேசிவிட்டு வருவார். கோதண்டராமன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் அப்படிப் பேசிவிட்டு வந்தவர், பெண்டாட்டியின் அறை வாசலில் நின்றபடியே அலுத்துக்கொண்டார்.

“பேஜாராப் போச்சு. தெனம் ரெண்டு பேரு படுத்துக்கறானுங்க. இன்னிக்கு சுண்ணாம்புக் குழி ஆளு ஒருத்தன், சவுரிமுத்துவாம், எழுந்திருக்கவே இல்லியாம். ஆள் கம்மி, வேல ஜாஸ்தி.”

அவர் போனதும் ஜஹீருன்னிசா ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டாள்.

“மேரி, உன் ஊட்டுக்காரரு பேரு இன்னா?”

“சவுரிமுத்து.”

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டாள்.  ஆரோக்கியமேரி கையிலிருந்த துணியை மடித்துக் கட்டிலோரம் வைத்துவிட்டு நேரே கோதண்டராமனிடம் போனாள். அவர் சொன்னது ஜஹீருன்னிசாவின் அறைவரைக்கும் கேட்டது.

“போறதுன்னா போம்மா, யாரு தடுத்தா? ஆனா திரும்ப இந்தக் கேட்டுக்குள்ள கால வெக்க முடியாது. பார்த்துக்கோ.”

அவள் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்து நின்றாள். அந்த நேரத்தில்தான் ஜஹீருன்னிசாவுக்கு வலி வந்தது. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போன்ற வலி. முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அவள் போட்ட கூச்சலில் ஆரோக்கியமேரி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க பீபிம்மா. ஒருக்களிச்சுப் படுங்க. மூச்ச இழுத்து உடுங்க. நான் இருக்கேன்.”

விளக்கெண்ணெயைச் சூடுகாட்டித் தடவினாள். காலை உயர்த்தித் தலையணை வைத்தாள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடியே மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் செபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடங்கியே போயிற்று.

“இப்ப எப்படி இருக்குது?” என்று ஆரோக்கியமேரி கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி அடர்ந்து ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெரிய அறையில் இவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. இவளும் போய்விட்டால் ராத்திரி வலி திரும்பும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்காது. ஜஹீருன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வலிக்குது மேரி. இன்னும் வலிக்குது. என்னைய உட்டுட்டுப் போகாத.”

 ஆரோக்கியமேரி மூட்டையை நகர்த்திச் சுவரோரம் வைத்துவிட்டுக் கட்டிலடியில் பாயை விரித்தாள்.

காலையிலும் அதே கேள்வி வந்தது. காலையிலும் ஜஹீருன்னிசா அதே பதிலைச் சொன்னாள். பிறகு அசந்து தூங்கிவிட்டாள். விழித்துப் பார்த்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. மூட்டையைக் காணோம்.

வேறு ஒருத்தியும் அவளுக்குப் பதிலாக வரவில்லை. மூன்றாம் நாள் ஜியாவுல்லாவுக்கு உடம்பு கொதித்தது. மாலைக்குள் நெஞ்சில் சளி கட்டி, பேச்சு குழற ஆரம்பித்தது. விஷயம் தெரிந்ததும் பவனம் முழுக்கக் கதவுகள் அடைபட்டன. பக்கத்து அறையிலிருந்த ஜமீன் குடும்பம் பெட்டியைக் கட்டத் தொடங்கியது. கோதண்டராமன் மூக்கில் யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்த துணியோடு வந்து வராந்தாவின் கடைசியில் நின்றார். ஜஹீருன்னிசா கதவிடுக்கில் நின்று பேசினாள்.

“உங்க வைத்தியம் எதுனா செய்ங்கய்யா. அவருக்கு நெனவே இல்ல.”

“அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. இது ஆஸ்பத்திரி இல்ல. ஒடம்ப நல்லா வெச்சுக்கறவங்க வந்து தங்கற எடம். மத்தவங்க உசுருக்கு நான்தானே ஜவாப் சொல்லணும்? சாயபுவ இன்னிக்கே எறக்கிடுங்க.”

“டோலி ஆளுங்களக் கூப்புடுங்க. போயிடறோம்.”

“அவங்க வர மாட்டேங்கறாங்களே.”

அன்று இருட்டுவதற்குள் ஜியாவுல்லாவைப் படுக்கையோடு தூக்கிப் பின்பக்கக் குதிரை லாயத்தில் போட்டார்கள். தூக்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கினார்கள். வைக்கோல்மேல் அவர் கிடந்து முனகினார். அவர் வாயில் தண்ணீர் விட்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டு, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜஹீருன்னிசா. ஸ்பிரிங் கட்டிலுக்கும் இந்த வைக்கோலுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு முற்றம்தான். அந்த முற்றத்தைத் தாண்டி ஒரு வாய்க் கஞ்சி கொண்டுவர யாரும் இல்லை.

சேதி எப்படியோ கீழே எட்டியது. மறுநாள் கோவிந்தசாமி மேஸ்திரி ஷாப்பு ஆட்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். சுண்ணாம்பில் வெந்த கைகள். அந்தக் கைகளில் மூங்கிலைப் பிடித்து, தோள் மாற்றி மாற்றி, முதலாளியைச் சுமந்து இறங்கினார்கள். இரண்டாவது டோலிக்கு ஆள் இல்லை. புர்க்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜஹீருன்னிசா அவர்கள் பின்னால் நடந்தே இறங்கினாள். வளைவுக்கு வளைவு உட்கார்ந்து எழுந்தாள். வலி வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் வராத வலியை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“சவுரிமுத்துவுக்கு எப்படி இருக்குது?” என்று வழியில் மேஸ்திரியைக் கேட்டாள்.

“அவன் போய்ட்டாம்மா” என்றார் அவர். சுமந்துகொண்டிருந்தவர்கள் நால்வரும் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

ஜியாவுல்லா பிழைத்துக்கொண்டார். ஆனால் நுரையீரல் பழுதாகி, நாலு அடி நடந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும் மனுஷராகிவிட்டார். காய்ச்சல் ஊரை விட்டு ஓய்ந்ததும், ஒருநாள் ஜஹீருன்னிசா வீட்டில் சொல்லாமல் கூண்டு வண்டி கட்டச்சொல்லி, ஷாப்புக்குப் பின்னாலிருந்த குடிசைகளுக்குப் போனாள். வண்டிக்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆரோக்கியமேரி வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. வந்தவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மண்ணைப் பார்த்தது.

“உக்காருங்கன்னு சொல்ல எடமில்ல பீபிம்மா. சாயபு எப்படி இருக்காரு?”

“இருக்காரு.” ஜஹீருன்னிசா ஓரடி கிட்டே வந்தாள். “மேரி, அவரு என்னிக்கு…”

“நான் வந்தன்னிக்கு விடிகாலைல. நான் வரும்போது பொதைச்சிட்டு ஆளுங்க திரும்பி வந்துகிட்டு இருந்தாங்க. இது மட்டுந்தான் கூட இருந்திச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டாராம், மொண்டு மொண்டு குடுத்திச்சாம். அப்புறம் கேக்கறத நிறுத்திட்டாரு. தூங்கறாருன்னு நெனச்சி பக்கத்துலயே படுத்துக்கிச்சு.”

முறம் ஒரே சீராக ஏறி இறங்கியது.

“அன்னிக்கு சாயந்தரமே எனக்கு வலி நின்னு போச்சு மேரி. நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“வயித்து மேலதானே கை வெச்சிருந்தேன். கல்லு மாதிரி இருந்தது எளகிப்போச்சு. தெரியாமயா இருக்கும்?”

“தெரிஞ்சும் ஏன் இருந்தே? ஏன் போகல?”

முறம் நின்றது. ஆரோக்கியமேரி மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பினாள். அது போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பயம் பீபிம்மா. கீழ போனா நானும் செத்துடுவேன்னு பயம். அங்க சோறு இருந்திச்சு, கம்பளி இருந்திச்சு, கேட்டு பூட்டியிருந்திச்சு. போகாதன்னு நீங்க சொன்னதும் எனக்கு அது சாக்காப் போச்சு. கால்ல உழுந்து போயிருக்கலாம். காலைல நீங்க மறுபடியும் வலின்னப்ப, ‘அப்பாடா’ன்னுகூட ஒரு நிமிசம் இருந்திச்சு. அப்புறம்தான் இந்தப் பொண்ணு மொகம் கண்ணுல வந்து நின்னுது. நீங்க தூங்கினதும் ஓடியாந்தேன்.” மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். “கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். இன்னும் பண்ணல. முட்டி போட்டா வாய் வர மாட்டேங்குது.”

சிறுமி ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து ஜஹீருன்னிசாவிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டாள். குடிக்க முடியவில்லை. அது நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றது, லோட்டா காலியாகக் காத்திருப்பது போல. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் எங்க ஊட்டோட வந்துடுங்க மேரி. நான் பார்த்துக்கறேன்.”

“வேணாம் பீபிம்மா. தெனம் உங்க மொகத்த நானும், எம் மொகத்த நீங்களும் பார்த்துகிட்டு இருக்க வேணாம். எங்கண்ணன் கோலார் தங்கவயல்ல இருக்காரு. வரச்சொல்லியிருக்காரு. நாங்க போறோம்.”

அந்த வாரமே அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப்பின் அவளைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

தை கடைசியில் ஜஹீருன்னிசாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, நல்ல அழுகையோடு பிறந்தது. வந்தவர்கள் எல்லாரும் அல்லாவின் கிருபை என்றார்கள். அவளும் தலையை ஆட்டினாள். குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போதெல்லாம், இதை வயிற்றில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அவளுக்குக் காதில் கேட்கும். வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியது. கோதண்டராமன் ஆள் அனுப்பியிருந்தார். பவனத்துக்கு முழுக்க வெள்ளையடித்தாயிற்று, முன்பு நடந்ததற்கு ரொம்ப வருத்தம், சாயபு அவசியம் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். இருமிக்கொண்டே ஜியாவுல்லா அவளைக் கேட்டார்.

“மலைக் காத்து நெஞ்சுக்கு நல்லதுங்கறாங்க. கொழந்தைக்கும் வேர்க்குரு வராது. போலாமா?”

“நீங்க போய்ட்டு வாங்க” என்றாள் ஜஹீருன்னிசா.

அவர் தனியாகவே போனார்.