அந்தரத்தில் நின்ற ஆறடி மண்

1996ஆம் ஆண்டு ஆவணியில் சுரங்கத்தின் ராட்சத இயந்திரம் பழைய முந்திரிக்காட்டைத் தோண்டியபோது, ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் மட்டும் கீழே இறங்கவில்லை. சுற்றியிருந்த மண் போனது, அடியிலிருந்த மண்ணும் போனது. இருநூறு அடி ஆழத்தில் நிலக்கரி தெரிந்த பிறகும் அது பழைய தரைமட்டத்திலேயே அந்தரத்தில் நின்றது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள். காற்றுக்கு அசைவதில்லை, மழை பெய்தால் அடியில் சொட்டுகிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒரே மாதத்தில் ஆபரேட்டர்கள் அதற்கு ஒதுங்கி இயந்திரத்தைத் திருப்பப் பழகிக்கொண்டார்கள்.

அது என்னவென்று அறிந்தவர் ஒருவர்தான். அந்த ராஜாங்கம் அப்போது சிறையில் இருந்தார். முந்திரிக்காட்டில் போலீசோடு ஆறு வருடம் நடந்த சண்டையில் நாற்பது துப்பாக்கிகளுக்குத் தளபதி அவர். 1989இல், போலீசுக்கு ஆள் காட்டினார் என்று மாட்டுவண்டிக்காரர் லூர்துசாமியைச் சுட்டதும் அவர்தான். காட்டிக்கொடுத்தது வேறு ஆள் என்று மறுமாதமே தெரிந்தது. லூர்துசாமி பம்பாய்க்கு ஓடிவிட்டதாக ஊரில் சொல்லிவைத்தார்கள். பிறகு சரணடைந்த ராஜாங்கம், சிறைக்கு வந்த செய்தித்தாளில் அந்த மண்ணின் படத்தைப் பார்த்தார். தலைமாட்டில் தான் வைத்த கல்லை அடையாளம் கண்டுகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

1999இல் வெளியே வந்து சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். நிலம் போனவர்கள் குடியேறியிருந்த ஊராட்சியில் பட்டாவுக்கும் பர்மனென்ட் வேலைக்கும் மனு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் ஜனங்கள் துப்பாக்கியை மறந்து கையெழுத்தை நினைவில் வைத்துக்கொண்டார்கள். 2001 ஊராட்சித் தலைவர் தேர்தலில் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றார். ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வரும்போது மரியசெல்வியின் வாசலும் வந்தது. லூர்துசாமியின் மனைவி. சுரங்க ஊழியர் நகரியத்தில் பிளாக் பிளாக்காகப் பெருக்கும் வேலை அவளுக்கு.

“ஓட்டு கெடக்கட்டும்ங்க. எம் புருசன் எங்க? அத்த மட்டும் சொல்லுங்க.”

“பம்பாய்க்குப் போனதாத்தானம்மா...”

“அது உங்க ஆளுங்க சொன்னதுங்க. பன்னெண்டு வருசமா இந்தத் தாலியக் கழட்டவும் முடியல, கட்டிகினு இருக்கவும் முடியல.”

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ராஜாங்கம் கையிலிருந்த நோட்டீசை மடித்தார். “நாளைக்குச் சொல்றேம்மா” என்றார்.

மறுநாள் கடைசிப் பிரச்சாரக் கூட்டம். வணக்கம்கூடச் சொல்லாமல் மைக்கைப் பிடித்தார். “லூர்துசாமிய நாந்தான் சுட்டேன். அவரு யாரையும் காட்டிக்குடுக்கல. மைன்ஸ்ல அந்தரத்துல நிக்குதே, அது அவரு குழி.” மைக்செட்காரர் பாட்டுப் போட மறந்துபோனார். பாதிக் கூட்டம் கொடியைச் சுருட்டிக்கொண்டு நடந்தது. மரியசெல்வி அழவில்லை. “சரிங்க” என்றாள். அங்கேயே தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒன்பது ஓட்டில் ராஜாங்கம் ஜெயித்தார். உண்மையைச் சொன்னதால் என்றனர் சிலர்; எதிர்த்து நின்றவர் சாராயக்காரர் என்பதால் என்றனர் சிலர். யாருக்குப் போட்டாள் என்று மரியசெல்வியைக் கேட்டபோது, “அது எனக்கும் பொட்டிக்கும் நடுவுல” என்றாள். பதவியேற்கும் முன் அவர் போலீசில் போய் வாக்குமூலம் கொடுத்தார். சம்பவ இடத்தின் சர்வே நம்பர் என்னவென்று கேட்டார்கள். அந்த நம்பரில் இப்போது காற்றுதான் இருந்தது. வழக்கை எந்த ஸ்டேஷன் எல்லையில் சேர்ப்பது என்று மேலிடத்துக்கு எழுதினார்கள்; பதில் வரவில்லை.

தலைவராக அவர் போட்ட முதல் கையெழுத்து, கல்லறைத் திருநாளுக்கு மரியசெல்வியைச் சுரங்கத்துக்குள் விடச்சொல்லிக் கேட்ட கடிதத்தில். அனுமதி கிடைத்தது. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் செவ்வந்தியும் மெழுகுவத்தியுமாக வந்தவள், விளிம்பில் செருப்பை விட்டுவிட்டு, வரப்பில் நடப்பதுபோல் காற்றில் நாற்பது கெஜம் நடந்துபோய் அந்த மண்ணில் உட்கார்ந்தாள். ராஜாங்கமும் ஒரு காலை எடுத்து வைத்தார். அடியில் ஒன்றும் இல்லை. இழுத்துக்கொண்டார்.

“நானும் வரட்டுமாம்மா?”

“இந்த வருசம் வேணாங்க.”

அடுத்த வருடமும் கேட்டார், அதே பதில். நான்கு வருடம் இப்படிப் போனது. ஐந்தாம் வருடம், 2005இல், அவர் கேட்கவே இல்லை. பாதி தூரம் போன மரியசெல்வி நின்று திரும்பி, “வாங்க” என்றாள். ராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். தாங்கியது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஆபரேட்டர்கள், இந்தத் தடவை நேரமாகும் என்று டீ குடிக்கப் போனார்கள்.