கிணற்றுக்குப் பக்கத்துத் துளை

அக்கா, ஹோட்டலில் ஏன் இருக்கிறேன் என்று நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால்தான். முழுதாகச் சொல்கிறேன். அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்.

எங்கள் வேலை பழைய டேப்புகளில் கிடக்கும் தகவலை மீட்டுக் கொடுப்பது. கம்பெனியில் நானும் முதலாளி குன்வோரும்தான். போன வாரம், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்க நடத்தும் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு அம்மா வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பெரிய சக்கர டேப்புகள். பெயர் இல்லை, வருடம் இல்லை.

"தூக்கிப் போடவும் பயமா இருக்கு. யாரோடதுன்னு பாத்துச் சொல்லுங்க."

உரிமையாளர் தெரியும்வரை டேப்பில் உள்ளது எங்கள் அறையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட முதல் விதி அது. மீறினால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும்.

இவ்வளவு பழைய டேப்பை அப்படியே ஓட்ட முடியாது. பசை கசிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துக் காயவைத்து, அதன் பிறகு ஒரே தடவை ஓட்ட வேண்டும். ஓடும்போதே பழுப்புப் பூச்சு உதிர்ந்துகொண்டு வரும்.

"அடுப்பைத் திறந்து திறந்து பாக்காதே, அது கேக் இல்ல" என்றார் குன்வோர்.

முதல் டேப் ஓடியது. பெரும்பாலும் எண்கள். ஆழம், அழுத்தம், வரிக்கு வரி ஓர் எழுத்து, அங்கங்கே ஒரு துண்டுக் குறிப்பு. குன்வோர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மண்ணைத் துளைச்சுப் பாத்த கணக்கு இது. வீடு கட்டுறதுக்கு முன்னாடி எடுப்பாங்க."

"இந்த K என்னது?"

"சறுக்குக் களிமண்."

உனக்கு இது புதிதாக இருக்கும். இங்கே பள்ளியிலேயே படம் போட்டுக் காட்டுவார்கள். அசையாதவரை கல் மாதிரி நிற்கும். ஓர் இடத்தில் பிடி விட்டால் மோர் மாதிரி ஓடும், மேலே இருக்கிற வீடுகளையும் சேர்த்துக்கொண்டு.

டேப்பில் இருந்த இட எண்களை வைத்துத் துளைகளை இன்றைய வரைபடத்தில் போட்டோம். எல்லாம் ஏரிக்குள் போய் விழுந்தன. குன்வோர் சிரித்தார். "எவனோ படகுல போய்த் துளைச்சிருக்கான். திங்கட்கிழமை பாப்போம்." வெள்ளிக்கிழமை மதியம். காரை எடுத்துக்கொண்டு மலைக்குடிலுக்குப் போய்விட்டார். அங்கே போன் எடுக்காது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு துளையிலும் மேலே இரண்டு மீட்டர் 'காய்ந்த மண்' என்று இருந்தது. ஏரிக்குள் எங்கே காய்ந்த மண்? முன்பு ஊருக்கு ஊர் வரைபடத்தில் தூரம் அளக்கத் தொடங்கும் புள்ளி வேறாக இருந்தது என்று குன்வோர் ஒருமுறை சொல்லியிருந்தார். நகராட்சியின் இணையதளத்தில் எங்கள் ஊரின் பழைய புள்ளி இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். துளைகள் அத்தனையும் ஏரியை விட்டு நகர்ந்து, சரிவில் ஏறி, ஒரு தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்தன.

என் தெரு. நான் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேனே, அந்த வீட்டின் சமையலறைக்கு அடியிலும் ஒரு துளை. வரிக்கு வரி K.

களிமண் மட்டுமாக இருந்தால் திங்கட்கிழமைவரை பொறுத்திருப்பேன். மறுநாள் சனிக்கிழமை எங்கள் தெருவில் டுக்னாட், எல்லாரும் சேர்ந்து செய்கிற கூலியில்லாத வேலை. பனி உருகி ஓடை தோட்டங்களுக்குள் வருகிறது என்று, சரிவின் அடியில் ஓடையை ஆழப்படுத்தப் போகிறார்கள். சரிவின் அடி மண்ணை எடுப்பது, அடுக்கிய மூட்டைகளில் கீழ் மூட்டையை உருவுவது போல.

நகராட்சிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை அழைக்கவும் என்று பதிவுக்குரல் சொன்னது. போலீசுக்கு அழைக்கலாம். யாருடைய தகவல் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பக்கங்களை அச்செடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருடியதைப் போலத்தான் இருந்தது.

தெருமுனையில் இறங்கும்போதே எந்திரச் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா சொல்ஃப்ரிட் சமையலறையில் மறுநாளுக்கு வாஃபிள் மாவு கலக்கிக்கொண்டிருந்தார். தெருச் சங்கத்தின் தலைவியும் அவர்தான்.

"நாளைக்குத்தானே வேலை? கீழ யாரு தோண்டுறது?"

"நம்ம தெரு ஒட்வார்தான். நாளைக்கு மழையாம், இன்னைக்கே ஆரம்பிச்சிட்டான். புது எந்திரம் வந்ததுலேருந்து அவனுக்குக் கை நிக்கல."

"நிறுத்தச் சொல்லுங்க. ப்ளீஸ்."

பக்கங்களை மாவு சிந்திய மேசைமேல் விரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"யாரோட டேப் இது?"

"தெரியாது."

"எப்ப எடுத்தது?"

"தெரியாது."

"அப்ப உனக்கு என்னதான் தெரியும் மாறன்? நான் பொறந்ததுலேருந்து இங்க இருக்கேன். இந்த வீடு நாப்பது வருஷமா நிக்குது. உன்னை மாதிரி எதுக்கெடுத்தாலும் பதறுற ஆளை நான் பாத்ததே இல்ல."

வரைபடத்தை நான் தப்பாக நகர்த்தியிருந்தால்? வேலையும் போய், தெருவே சிரிக்கும். கீழே எந்திரத்தின் வாளி தரையில் இடித்தது. அலமாரியில் கோப்பைகள் மெல்லக் கிணுங்கின.

"இந்தக் குறிப்பை மட்டும் கேளுங்க" என்று படித்தேன். "பழைய கிணறு இருப்பதால் துளை இரண்டு மீட்டர் கிழக்கே தள்ளிப் போடப்பட்டது. கிணற்று வாயில் உடைந்த அரைக்கும் கல்."

சொல்ஃப்ரிட் கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டார்.

"மறுபடி படி."

படித்தேன்.

"அந்தக் கல்லை அப்பாதான் உருட்டிவந்து போட்டார், நான் விழுந்துடுவேன்னு. அதுக்கு மேலதான் இந்த வராந்தா. வீடு கட்டுறதுக்கு முன்னாடி, இங்க தோட்டம் இருந்த காலம் அது. அவர் போனப்புறம் அங்க கிணறு இருந்ததே யாருக்கும் தெரியாது. என் புருஷனுக்குக்கூட நான் சொன்னதில்ல."

கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். ஓடையருகே ஒட்வார் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"டேப்புக்காரனும் வந்தாச்சா? மண்வெட்டி எங்கடா?"

"ஒட்வார், எந்திரத்தை அமத்து" என்றார் சொல்ஃப்ரிட்.

"இன்னும் நாலு வாளிதான் இருக்கு."

"அமத்துன்னு சொன்னேன். இறங்கி நட. ஓடாதே."

ஒட்வார் அவர் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு தான் வெட்டிய பள்ளத்தின் சுவரைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ தண்ணீர் போலக் கசிந்துகொண்டிருந்தது. மழையே பெய்யவில்லை. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

போலீசுக்கு நானே அழைத்தேன். பெயர், முகவரி, கம்பெனி எல்லாம் சொன்னேன். அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் பாறைமேல் இருக்கும் சர்ச்சுக்குப் போய்விட்டோம். சொல்ஃப்ரிட் மாவுப் பாத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் வாஃபிள் சுடவில்லை.

மறுநாள் துளைபோடும் வண்டி வந்து எங்கள் வீட்டுக்கு நேரே, சாலையில் நின்றது. போலீஸ் கட்டிய தடுப்பு வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும். கம்பி முதல் இரண்டு மீட்டர் முக்கி முக்கி இறங்கியது. அதற்குக் கீழே, இயக்குபவர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டார். கம்பி நிற்கவில்லை. யாரும் அழுத்தாமலே, தன் எடையிலேயே, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒட்வார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சரிவு இன்னும் நிற்கிறது. நானும் சொல்ஃப்ரிட்டும் ஒரே ஹோட்டலில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிறோம். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் எனக்கு எழுந்து உட்காரத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை குன்வோர் மலையிலிருந்து நேராக அலுவலகம் வந்தார். என்னையும் வரச் சொன்னார்.

"விதியை மீறிட்ட."

"ஆமா."

"அதைப் பத்தி அப்புறம் பேசுவோம். எழுதி வைக்கணும், உனக்காகவும் எனக்காகவும்." கோட்டைக் கழற்றாமலே அட்டைப்பெட்டியை மேசைக்கு இழுத்தார். உள்ளே மீதி டேப்புகள். "இதெல்லாம் எந்தத் தெருவோ. அடுப்பைப் போடு."

போட்டேன். இப்போது அதன் முன்னால் உட்கார்ந்துதான் உனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே தடவைதான் ஓடும்.