வரிக்கடைசியில் ஒரு கோடு

காந்தா நெசவு வீட்டில் பிறந்தவள். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்ட பிறகுதான் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற வீடு. பிள்ளையார்பாளையத்தில் அச்சுக்கடை வைத்தும் அந்தக் கை மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொல் வரிக்கடைசியில் உடைந்தால், சின்னதாக ஒரு கோடு இழுத்து அடுத்த வரியோடு சேர்த்துவிடுவாள்.

நெசவாளர் சங்கத்தின் மருத்துவ அட்டை நோட்டீசிலும் அதைத்தான் செய்தாள். பதிவு செய்ய வேண்டிய இணைய முகவரி முழ நீளம், வரியில் அடங்காமல் நடுவில் உடைந்தது. கோடு போட்டாள். எழுநூறு பிரதிகள் திங்களன்றே வீடு வீடாகப் போய்விட்டன.

புதன் காலை பக்கத்துத் தெருக் கீர்த்தி வந்தாள்.

"நோட்டீசுல இருக்கிற மாதிரியே போட்டேன்கா. ஆதாரு, பேங்க் நம்பரு அல்லாம் கேட்டுது, குடுத்தேன். அப்புறம் ஒருத்தர் போன் பண்ணி, நோட்டீசு எங்க அடிச்சதுன்னு கேட்டாரு. உன் பேரச் சொன்னேன். அட்டதான் இன்னும் வரல."

சங்கம் எதற்கு பேங்க் நம்பர் கேட்கிறது? காந்தா நோட்டீசைப் பார்த்துக் கடைக் கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டினாள், கோட்டையும் சேர்த்து. பக்கம் திறந்தது. திறக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அச்சடிக்கச் சங்கம் எழுதிக் கொடுத்த சீட்டில் கோடு இல்லை. அதன்படி தட்டினால் வேறு பக்கம், அதே பச்சை நிறம், அதே கோபுரப் படம். அது பேங்க் நம்பர் கேட்கவே இல்லை. என்றைக்காவது எவளாவது இப்படிச் செய்வாள் என்று எவனோ அதே முகவரியைக் கோட்டோடு பதிந்து கடை விரித்துக் காத்திருந்திருக்கிறான், பாவி.

சங்கச் செயலாளர் குமரகுருவைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள்.

"வெப் அட்ரஸ் நீளமா இருந்தா ஸ்லாஷ்னு வர்ற சாய்கோட்டுக்கு அப்புறம் உடைச்சுட்டு, வெறுமனே வுட்டுடணும்மா," என்றார் அவர். "எத்தினி பேர் போட்டாங்களோ."

கோட்டுப் பக்கத்தின் அடியிலேயே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதிவை முடித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அம்மாவின் ஞாபகம் வந்தது; அந்த வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் போயிருந்தது. உடனே அழைத்தாள். நாலாவது மணியில்தான் தில்லையம்மாள் எடுத்தாள்.

"இரும்மா, உன் கடையிலேர்ந்து ஒரு தம்பி லைன்ல இருக்குது. போனுக்கு ஆறு நம்பர் வந்துதாம், படிக்கச் சொல்லுது. சொல்லிட்டு வரேன்."

"அம்மா, படிக்காத. அம்மா..."

காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஒலித்தது. காந்தா போனைக் காதில் அழுத்தியபடி நின்றாள். கணினித் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்றானது.