இரண்டாவது குழு

சவப்பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைக் கேரன் சுற்றிக்கொண்டிருந்தபோது, வாசல் பந்தலில் பேச்சு சட்டென்று நின்றது. டாக்டர் யுகேந்திரன் வந்திருந்தார்.

கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மிஞ்சியிருந்த ஒரே மயக்க மருத்துவர் அவர். மற்ற இருவரும் போர் நடக்கும் நாட்டில், ராணுவத்தின் கள மருத்துவமனையில் இருந்தார்கள். அனுப்பியது கேரன்; டாக்டர்களைப் பங்கிடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. நேற்று கேரனின் அப்பா வாலண்டைனுக்குக் குடல் வெடித்தபோது யுகேந்திரன் ஒரு பிரசவ அறுவையில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"இவரத் திட்டி என்னா ஆவப்போவுது?" என்றான் தம்பி மார்க், எல்லோருக்கும் கேட்கும்படி. "அனுப்புனது நம்ம வீட்டு பிக் பாஸ்லா."

கேரன் யுகேந்திரனுக்கு நாற்காலி இழுத்துப்போட்டாள்.

"அந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்காங்க மேடம். பிள்ளையும்தான். நான்..."

"நானா இருந்தாலும் அவங்களத்தான் மொதல்ல பாத்திருப்பேன், டாக்டர்."

கைப்பேசி அதிர்ந்தது. குழுச் செயலாளர் சீதாலெட்சுமி.

"சாரி மேடம், இந்த நேரத்துல. ஆர்மிக்குப் போற ரெண்டாவது குழுவுக்கு நாளைக்குள்ள பேர் குடுக்கணும். அதுல டாக்டர் யுகேந்திரன் இருக்காரு. உங்க துக்கத்துக்காக அவர லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"துக்கத்துக்காக வேணாம்." மார்க் நிமிர்ந்து பார்த்தான். "ஒரே ஆள் இருக்கற எந்த ஆஸ்பத்திரியிலயும் இனி கைவைக்கக் கூடாது. எல்லா ஊருக்கும் அதே ரூல்."

"அப்ப ஆர்மிக்கு ஒரு ஆள் கொறையும் மேடம்."

அங்கே தினமும் கால் போன பிள்ளைகளைத் தூக்கிவருகிறார்கள். அனுப்பியது தப்பென்று இப்போதும் கேரனுக்குத் தோன்றவில்லை. இங்கே ஒருவரை மட்டும் விட்டுவைத்ததுதான் தப்பு.

"என் பேரப் போடுங்க. நானும் மயக்க மருந்து டாக்டர்தானே. கை இன்னும் மறக்கல."

"பைத்தியமாக்கா ஒனக்கு? அம்மா இருக்காங்க!"

மகதலேனா கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பக் கெளம்பணும்?"

"வெள்ளிக்கெழமம்மா."

பிறகு மகதலேனா, "டாக்டருக்கு ஏதாச்சும் குடிக்கக் குடுத்தீங்களா?" என்றாள்.

மார்க் உள்ளே போய்க் கோப்பியுடன் வந்தான். வாங்கிய யுகேந்திரனின் கை நடுங்கியது; கோப்பி தளும்பிச் சாசரில் வழிந்தது. அந்தக் கை நிற்கும்வரை, மார்க் சாசரின் மறுபக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.