குறி சுடாத கன்றுகள்

விடிய முன்னமே பட்டிக்குள் கணுக்கால் வரை சாணியும் மூத்திரமும். பெரும்போக நெல் வெட்டி முடிந்த பழுகாமத்து வயல் வட்டையில், கம்பும் முள்ளும் வைத்து அடைத்த பட்டிக்குள் நூற்றுப்பத்து மாடுகள் நின்றன. சின்னத்தங்கம் பன்னிரண்டாவது பசுவின் பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்துக் குந்தினாள். நாட்டுமாடு. கன்றை ஊட்டவிட்டுப் பிரித்தால்தான் பால் இறங்கும். இறங்கினாலும் ஒரு போத்தல். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. வெயில் ஏறுமுன் இன்னும் பதினாறு பசு.

கறந்துகொண்டே அவள் கணக்குப் பார்த்தாள். ஒரு மாதமாக அதே கணக்கு.

கண்டிப் பக்கத்தில் இரண்டு வருடக் கால்நடை டிப்ளோமா. நேர்முகத்தில் தேறியிருந்தாள். விடுதி, சாப்பாடு, உடுப்பு, பஸ் எல்லாமாக இருபத்தெட்டாயிரம். முதல் பாதியைத் திங்கட்கிழமைக்குள் கட்டவேண்டும். இரண்டு வருடம் அவளுடைய கூலியும் வீட்டுக்கு வராது. முடித்தால் அரசாங்க உத்தியோகம், மாதம் நாலாயிரத்துச் சொச்சம். களுவாஞ்சிக்குடி மாட்டு வைத்தியக் கந்தோர்க் கிளார்க் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பட்டிருப்புப் பாலத்துக்கு மேற்கே மூன்று இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆமி ஒரு பக்கம், இயக்கம் ஒரு பக்கம் என்று ஒருவரும் வர மாட்டார்கள். நீ வருவாய் என்றால் உனக்குத்தான். ஆனால் நியமனம் வர இன்னும் இரண்டு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். சண்டை திறந்துவைத்த இடம். சண்டையே அதைப் பூட்டியும் வைக்கலாம்.

அப்படியிருந்தும் போகத்தான் நினைத்தாள். செலவுக்கு ஆறு நாகுகள், இன்னும் ஈனாத இளம் பசுக்கள், இருந்தன. இருந்தன என்றுதான் அப்பனும் மகளும் நம்பியிருந்தார்கள்.

வினாயகமூர்த்திப் போடியாரின் மாட்டை மூன்று குடும்பம் மேய்த்தது. பால் போடியாருக்கு. பிறக்கும் நாலு கன்றில் ஒன்று மேய்ப்பவருக்கு. வருடத்தில் ஒருநாள் கன்றுகளைப் பிடித்து அவரவர் குறியைத் தொடையில் சுடுவார்கள். தொண்ணூறில் சண்டை மூண்டு மாடுகள் கேட்பாரில்லாமல் களவு போனபோது, போடியார் வலிய வந்து ஒரு வழி சொன்னார். என் குறி பொலிசில் பதிந்தது, ஆமிக் காம்பிலும் தெரியும். உங்கள் கன்றுக்கும் அதையே போடுங்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். அவர்களும் போட்டார்கள். எது யாருடைய மாடு என்று மேய்ப்பவருக்கு முகத்தைப் பார்த்தால் தெரியும். அது போதுமென்று இருந்துவிட்டார்கள்.

போன மாதம் நாகுகளை விற்பதற்கு உரிமைத் துண்டு எடுக்கப் போனபோது, ஊர் விதானையார் கையை விரித்தார். துண்டில் எழுதுவது குறியைத்தான், முகத்தையல்ல. குறி போடியாருடையது.

நாகுகள் அவர்களுடையவை என்பதைப் போடியார் மறுக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. போன வருடம் தொண்டை அடைப்பான் நோயில் அவருக்குப் பத்தொன்பது மாடு செத்தது. தடுப்பு மருந்து ஐஸ் பெட்டியோடு பட்டிருப்புப் பாலத்து ஆமிச் சோதனையில் வெயிலில் கிடந்து பழுதாகியிருந்தது. படித்த ஒரு ஆள் பட்டியிலேயே கிடந்தால் அவருக்கு லாபம். இருபத்தெட்டாயிரத்தையும் தானே தருவதாகச் சொன்னார். படித்து வந்து ஐந்து வருடம் அவருடைய மாட்டை மட்டும் பார்க்கவேண்டும், கறக்கிற கூலிக்கு. இந்த வருடத்தோடு மேய்ப்பவர் ஒருவருக்கும் நாலிலொன்று இல்லை. இன்றைக்குக் குறி சுடுவது அவளுடைய அப்பன் அருமைநாயகமாக இருக்கவேண்டும். அவர் சுட்ட சூடு புழுக்காது. அவர் சுட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதும் போடியாருக்குத் தெரியும்.

மற்றவர்கள் நேற்றே வாய் திறந்துவிட்டார்கள். பக்கத்து வாடியிலிருந்து, கூட மாடு மேய்க்கும் நல்லரத்தினம் வந்து, நீ சுடு, பிள்ளை படிக்கட்டும், நாங்கள் முகம் திருப்பமாட்டோம் என்றான். புருஷனைத் தொண்ணூறில் பிடித்துக்கொண்டு போன பின் தனியாக மாடு மேய்க்கும் கண்ணகையும் அதையே சொன்னாள். அதைக் கேட்ட பிறகு அருமைநாயகம் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

வெயில் ஏறப் போடியார் மோட்டார் சைக்கிளில் வந்து சாக்கை அவிழ்த்துக் குறி இரும்பைக் கொடுத்தார்.

"முப்பத்தொரு கன்று. எல்லாத்துக்கும் என்ர குறி. முடிஞ்ச கையோட காசு" என்று சட்டைப்பையைத் தட்டினார்.

வரட்டித் தணலில் இரும்பு சிவந்தது. கண்ணகை முதல் கன்றைத் தானே பிடித்து வந்தாள். அடைமழையில் தாய் செத்தபோது கஞ்சி பருக்கி அவள் வளர்த்த கன்று. நல்லரத்தினம் காலை வாரிப் படுக்கவைக்க, அவள் கழுத்தில் முழங்காலை ஊன்றினாள்.

"சுடுங்க அண்ணன்" என்றாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அருமைநாயகம் இரும்போடு குனிந்தார். பால் பிசுக்கோடு ஒரு கை வந்து கன்றின் தொடையில் படிந்தது.

"கைய எடு மகள்."

"எடுக்கமாட்டன் அப்பா."

போடியார் சிரித்தார். "அரசாங்கம் உன்னைத் தேடி வந்து வேலை தருமெண்டு நினைக்கிறியா புள்ள? நான் தாறது கையில இருக்கிற காசு."

"கணக்குப் பாத்திட்டன் போடியார். ரெண்டு வருஷம் படிச்சுப்போட்டு வந்து, கண்ணகை அக்கையிர மாட்டுக்கு உங்கட மாடெண்டு ஊசி போடவேணும். அந்தப் படிப்பு எனக்குக் கட்டாது."

"மறுகா சாகுமட்டும் சாணிக்குள்ளதான் நிப்பாய்."

"இப்பவும் அதுக்குள்ளதான் நிக்கிறன்."

அருமைநாயகம் இரும்பைத் திருப்பி, பிடிப்பக்கம் போடியாரிடம் நீட்டினார். "சூடு ஆறிற்று போடியார்" என்றார்.

"நீங்களே காய்ச்சிச் சுடுங்க. கன்று உங்கடதெண்டா சொல்லுக் கேட்டு நிக்கும்தானே" என்றான் நல்லரத்தினம். கண்ணகை முழங்காலை எடுத்தாள். கன்று உதறி எழுந்த வேகத்தில் போடியார் பின்னுக்குச் சரிந்தார். அவர் கையிலிருந்த இரும்பு சாணிக்குள் விழுந்து சீறியது.

குறியில்லாத கன்றுக்குத் துண்டு இல்லை. துண்டு இல்லாமல் பாலம் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமை லொறியில் கன்றுகளை ஏற்றிவிடுவதாகப் போடியார் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"வேற ஆக்களைக் கொண்டுவாறன். பட்டிய விட்டு எழும்புங்க."

"கொண்டு வாங்க. எங்களுக்கு நடந்ததை அவங்களுக்கும் சொல்லுவம்" என்றாள் கண்ணகை.

மோட்டார் சைக்கிள் போன பிறகுதான் பயம் வந்தது. அவர் ஆமிக் காம்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் பிடிக்க வந்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

சின்னத்தங்கம் கைகழுவி இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று பிரதேச செயலாளருக்கு: குறி ஒருவருடையது, மாடு மூன்று குடும்பத்தினது. மற்றது கண்டிக்கு: இந்த மாட்டுப் பிணக்குத் தீரும்வரை காசு கட்டத் தவணை, இல்லாவிட்டால் அடுத்த வருடம் இடம். இரண்டிலும் எல்லோரும் ஒப்பமிடவேண்டுமென்று நல்லரத்தினம் ஒற்றைக்காலில் நின்றான். உன்னுடைய படிப்புக்கு நான் ஏன் ஒப்பமென்று கேட்காதே, என் மாட்டுக்குத்தானே ஊசி போடப்போகிறாய் என்றான். கண்ணகை கரியில் பெருவிரலை அழுத்தி இரண்டு தாளிலும் பதித்தாள்.

பால் கேனைச் சைக்கிளில் கட்டினார்கள், சின்னத்தங்கம் கடிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பால் போடியாருடையது, ஒரு சொட்டுக் குறையாமல் போகவேண்டும் என்றார் அருமைநாயகம்.

"கெதியாப் போயிட்டு வா. பாலத்தில மறிச்சா நாளைக்கும் போவம்" என்ற கண்ணகை பட்டி வாசலில் குந்தினாள். "நாங்க இஞ்சதான் இரிக்கம்."

நல்லரத்தினம் தடுப்புக் கம்பை இழுத்தான். மடியைத் தேடிக் கன்றுகள் பாய்ந்தன. முப்பத்தொரு தொடையிலும் மயிர் கருகாமல் இருந்தது.